டெலிபோன் பேசிய பண்டைய கிரேக்கர்கள்

எங்கள் பக்கத்தில் எதற்கும் வயதைக் கூட்டிச் சொல்வதுதான் மரியாதை. கோயில் என்றால் 'மிகப் பழமையான', பள்ளிக்கூடம் என்றால் 'பாரம்பரியம் மிக்க'. போன தீபாவளிக்குத் திறந்த பலகாரக் கடைகூட 'பழைய, ஒரிஜினல்' என்று போர்டு மாட்டினால்தான் ஆள் வரும். மனிதர்களுக்கு மட்டும் இது பொருந்தாது (என் சின்ன அத்தையிடம் அவர் வயதைக் கூட்டிச் சொல்லிப் பாருங்கள்). இந்த மரியாதையை, நமக்குச் சம்பந்தமே இல்லாத கிரேக்க மொழிக்கும் கொடுக்கப் போய், கடலூரில் ஒரு கல்யாண மண்டபம் நிறைய ஆட்கள் முன்னால், எனக்குப் பெண் கொடுக்க இருந்தவரிடமே நான் மாட்டிக்கொண்டேன்.

அப்போது நான் சிதம்பரத்தில் ஓர் அகராதித் திட்டத்தில் தற்காலிக உதவியாளன். பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரம் செய்த ஒருவர், கல்லூரி மாணவர்களுக்காக ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்றைக் கொண்டுவர ஆசைப்பட்டார். அவரைப் 'புரவலர்' என்றுதான் நாங்கள் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளோடு, அது எந்த மொழியில் பிறந்தது என்ற குறிப்பும் இருக்க வேண்டும் என்பது திட்டம். கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு போட்டோ ஸ்டூடியோவின் மாடியில் எங்கள் ஆபீஸ். பதிப்பாசிரியர் ஞானப்பிரகாசம் ஐயா, இளம் வயதில் பாதிரியாராவதற்குப் படிக்கப் போய், பாதியில் மனம் மாறித் திரும்பி வந்து பேராசிரியர் ஆனவர். அந்தப் பாதிப் படிப்பில் கிரேக்கம் மட்டும் அவருக்கு முழுசாக வந்துவிட்டது.

எனக்கு வந்தது தமிழ் எம்.ஏ. ஐயா எழுதித் தரும் பிறப்புக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. கடலூரில் எங்கள் தெருவில் அம்மா இதை 'கிரேக்க மொழி ஆபீசர்' என்று சொல்லி வைத்திருந்தாள். நான் மறுக்கவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஒருநாள் ஐயா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவருக்குப் புதுச்சேரியில் கண் ஆபரேஷன் வைத்திருந்தார்கள். போவதற்கு முன்னால் ஒரு வேலையை ஒப்படைத்தார்.

"குமரவேல், இதுவரைக்கும் நாம வெறும் 'கிரேக்கம்'னு போட்டுட்டு வந்துட்டோம். அது போதாது. தமிழ்னு சொன்னா எந்தக் காலத்துத் தமிழ்னு கேக்க மாட்டோமா? அதே மாதிரி அதுக்கும் காலம் போடணும். மொதமொத நாடகம் எழுதி நடிச்சாங்களே, அந்தக் காலத்துது பண்டைய கிரேக்கம். நம்ம கரைக்குக் கப்பல்ல வந்த யவனன் பேசினது, புதிய ஏற்பாடு எழுதினது, பொதுக் கிரேக்கம். அதுக்கு அப்புறம் இடைக்காலம். இன்னைக்கு அங்க காய்கறி விக்கிறவன் பேசறது நவீன கிரேக்கம். புரியுதா?"

"புரியுதுங்க ஐயா."

அதுவரை உண்மையாகவே புரிந்தது. அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அம்மா ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். திருப்பாதிரிப்புலியூர்ப் பெண், பெயர் கவிதா, ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட், ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம் என்று கீழே குறிப்பு. நான் மேசைக்கு அடியில் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஐயா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ரொம்ப முக்கியமானதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவது அவர் வழக்கம். அன்றைக்கும் தாழ்த்தினார். நான் தலையை மட்டும் நன்றாக ஆட்டினேன்.

அவர் சொன்னது என்ன என்பது எனக்கு மண்டபத்தில்தான் தெரிந்தது. "கிரேக்கத் துண்டுகள எடுத்து, வேற ஊர்க்காரங்க பிற்காலத்துல ஒட்டிக் கட்டின சொல்லு நிறைய இருக்கு. அதுக்கு இந்த நாலுல எதையும் போட்டுடாதீங்க. தனியா எடுத்து வெய்ங்க, நான் வந்து பாக்கறேன்."

ஐயா போன பிறகு வேலையில் உட்கார்ந்தேன். எந்தச் சொல் எந்தக் காலம் என்று தேடிப் பார்க்க அலமாரியில் தடித்தடியாகப் புத்தகங்கள் இருந்தன. இரண்டு சொல்லுக்குத் தேடினேன். மூன்றாவது சொல்லில் எனக்குள் இருந்த தமிழ் எம்.ஏ. விழித்துக்கொண்டது. ஒரு மொழிக்கு வயது போடச் சொல்கிறார்கள். அதைப் போய் 'நவீனம்' என்று எழுதுவதா? வீட்டுக்கு வந்த பெரியவரை வாடா போடா என்று கூப்பிடுவது மாதிரி இல்லையா? நம் மொழியை ஒருவன் அப்படி எழுதினால் நாம் விடுவோமா? எனக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை. (சோம்பேறித்தனமும் கொஞ்சம் இருந்தது. ஆனால் மரியாதைதான் ஜாஸ்தி.) கம்ப்யூட்டரில் ஒரே அமுக்கு. 'கிரேக்கம்' என்று இருந்த இடமெல்லாம் 'ப.கி.' ஆனது. அகராதியில் இருந்த எல்லாக் கிரேக்கச் சொல்லுக்கும் ஒரே நொடியில் பண்டைய பெருமை சேர்த்துவிட்டு, கீழே இறங்கிப் போய் டீ குடித்தேன்.

ஒரு போட்டோ ஸ்டூடியோவின் மாடியில் உட்கார்ந்துகொண்டு போட்டோகிராப் என்ற சொல்லையும் பண்டைய கிரேக்கம் ஆக்கிவிட்டு, அந்த ஸ்டூடியோவைத் தாண்டித்தான் டீக்கடைக்குப் போனேன். ஒன்றும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனோம். கவிதாவின் அப்பா சபாபதி மாமா, கடலூர் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேதி போடாத எதையும் அவர் நம்புவதில்லை. நாங்கள் வாங்கிப் போன ஸ்வீட் பாக்ஸை வாங்கியதும் திருப்பி, என்றைக்குச் செய்தது என்று அடியில் தேடினார். இல்லை. முகம் லேசாக மாறியது.

"வேலை பர்மனெண்டா தம்பி?"

"சீக்கிரம் ஆயிடுங்க மாமா. அகராதியோட மாதிரிப் பகுதிய கடலூர்ல விழா வெச்சு வெளியிடறாங்க. அதுல புரவலர் மேடையிலயே அறிவிக்கிறேன்னு சொல்லியிருக்காரு."

"வாயால சொன்னாரா, எழுதிக் குடுத்தாரா?"

"வாயாலதாங்க."

"சரி. நானும் விழாவுக்கு வர்றேன். அவரு அறிவிக்கட்டும், அன்னைக்கே நாம தேதி குறிச்சுடலாம்."

பேசட்டும் என்று எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் மாடியில் விட்டார்கள். எனக்குக் கவிதாவை ரொம்பப் பிடித்திருந்தது. பிடித்துவிட்டால் நான் அறிவைக் காட்டுவேன், அது என் வியாதி.

"உங்க தொழில் பேரு எந்த மொழி தெரியுமா? பண்டைய கிரேக்கம்."

"அப்டியா? எங்க காலேஜ்ல அவ்ளோ பழசுன்னு சொல்லலியே."

"அவுங்களுக்குத் தெரிஞ்சிருக்காது," என்றேன், ஒரு கல்லூரியையே தள்ளி வைக்கிற தோரணையில்.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். இடுப்பு வலி என்று வந்தவன் நிஜமாகவே வலியில் நடக்கிறானா, லீவுக்காக நடிக்கிறானா என்று பார்க்கிற பார்வை அது. பிற்பாடு கேட்டபோது அதை ஒப்புக்கொண்டாள்.

விழா மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஐயா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்து போய்க்கொண்டிருந்ததால் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அதனால் மாதிரிப் பகுதி முழுக்க என் பொறுப்பிலேயே அச்சாகி வந்திருந்தது. வாசலில் ஆளுக்கொரு பிரதியும் ஒரு முந்திரிப் பொட்டலமும் கொடுத்தார்கள். முதல் வரிசையில் சபாபதி மாமா, வெள்ளை வேட்டியில். அவருக்குப் பக்கத்தில் அவர் கூட்டி வந்திருந்த சொந்தக்காரர்கள். ஓரத்தில் கவிதா.

பேச்செல்லாம் முடிந்ததும் புரவலருக்கு ஒரு யோசனை தோன்றியது. சபையில் யார் வேண்டுமானாலும் ஒரு சொல்லைச் சொல்லலாம், நம் குமரவேல் அதன் பிறப்பைச் சொல்வார் என்று அறிவித்துவிட்டு மைக்கை என் கையில் கொடுத்தார். "இது முடிஞ்சதும் அவரப் பத்தி ஒரு நல்ல சேதி இருக்கு," என்றும் சொன்னார். எனக்குக் காது வரைக்கும் சிரிப்பு.

ஒரு ஆசிரியர் எழுந்து தியேட்டர் என்றார். "பண்டைய கிரேக்கம்," என்றேன். சரியான விடை. கைதட்டல். இன்னொருவர் டெமாக்ரசி என்றார். அதுவும் பண்டையம், அதுவும் சரி. கைதட்டல். எனக்கே என் மேல் மதிப்பு வந்த நேரத்தில் சபாபதி மாமா எழுந்தார். வருங்கால மருமகனைச் சொந்தக்காரர்கள் முன்னால் இன்னும் கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான் அவருக்கு.

"எங்க பொண்ணு பிசியோதெரபி படிச்சிருக்கு. அந்த வார்த்தை எப்ப வந்தது தம்பி?"

"பண்டைய கிரேக்கங்க."

அவர் இரண்டு பக்கமும் திரும்பிச் சொந்தக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அதோடு உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வாழ்நாள் முழுக்கக் கோர்ட்டில் இருந்தவருக்குப் 'பண்டைய' என்பது தேதி இல்லையே.

"பண்டையன்னா, தோராயமா எப்போ?"

"இயேசு பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடிங்க."

"ஓகோ. அப்ப டெலிபோனு?"

நான் பக்கத்தைப் புரட்டினேன். என் கண் அச்சிட்டதைப் படித்தது, என் வாய் அதைச் சொன்னது, என் மூளை கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. "பண்டைய கிரேக்கம்."

"இயேசு பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி, டெலிபோனு," என்று மாமா நிதானமாகத் திருப்பிச் சொன்னார். கிண்டல் இல்லை. சாட்சி சொன்னதைப் பதிவு செய்துகொள்கிற குரல். பிறகு நிஜமான அக்கறையோடு கேட்டார்: "யாரு யாருக்கு பேசனாங்க தம்பி?"

மண்டபத்தில் முந்திரி கடிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்தான். ஆனால் எல்லார் கையிலும் பிரதி இருந்தது. எல்லாரும் புரட்ட ஆரம்பித்தார்கள். பின் வரிசையில் கல்லூரி மாணவர்கள் ஒரு கூட்டம். "சார், போட்டோகிராப்பும் அப்பவே இருந்துதா?" என்று ஒருவன். "டைனோசருக்கு கிரேக்கர்களேதான் பேரு வெச்சாங்களா சார்?" என்று ஒரு பெண். "பக்கத்துல போய் பாத்து வெச்சிருப்பாங்க," என்று இன்னொருவன். எல்லாவற்றுக்கும் நேராக அச்சில் ப.கி., ப.கி., ப.கி. நான் மேடையில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒருவன், "மைக்ரோபோன்?" என்றான். அதை நான் கையில் பிடித்திருந்தேன். அது அந்த நேரம் பார்த்துக் கீச்சென்று கத்தித் தொலைத்தது. மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது. முதல் வரிசை மட்டும் சிரிக்கவில்லை. கவிதா முகத்தைப் பிரதிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தாள். அவமானத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

ஐயா எழுந்து வந்து மைக்கை வாங்கினார். "டெலிபோன்ல இருக்கற துண்டுங்க பண்டையதுதான். தூரம், குரல். ஆனா அத ஒண்ணா சேத்து சொல்லாக்கினது வேற ஊருக்காரங்க, ரொம்பப் பின்னாடி. அந்த மாதிரி சொல்லத் தனியா எடுத்து வெக்கச் சொல்லிட்டுத்தான் போனேன்," என்றார். கொஞ்சம் நிறுத்தி, கறுப்புக் கண்ணாடியை என் பக்கம் திருப்பினார். "ஆபரேஷன் எனக்குத்தான். கண்ண மூடிக்கிட்டு இருந்தது குமரவேல்."

புரவலர் நல்ல சேதியைச் சொல்லவில்லை. நேராக நன்றியுரைக்குப் போனார்கள்.

நான் மேடையிலிருந்து இறங்கி ஓடினபோது சபாபதி மாமா வாசலில் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார். "மாமா," என்றேன்.

"தம்பி, நான் கோபப்படல. மொதல்ல அந்த வார்த்தைங்களுக்கு சரியா தேதி போட்டுட்டு வாங்க. அதுக்கு அப்புறம் நம்ம தேதியப் பேசலாம்," என்றார். ஆட்டோ போய்விட்டது. எனக்கு வாய்தா கிடைத்திருந்தது.

மறுநாள் பஸ்ஸில் சிதம்பரம் போகும்போது, ஆபீசில் என் நாற்காலி இருக்குமா என்ற பயம்தான் வழியெல்லாம். நாற்காலி இருந்தது. அதன் மேல் தடித்த புத்தகங்களை ஐயா அடுக்கி வைத்திருந்தார். "வேலைய விட்டு அனுப்பச் சொன்னாரு புரவலர். கெடுத்தவனே சரி பண்ணட்டும்னு சொல்லியிருக்கேன். ஒவ்வொண்ணா பாருங்க. ஒரே அமுக்குல எதையும் அமுக்காதீங்க," என்றார்.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான்கு காலமும் மெல்ல மெல்லப் பிடிபட்டது. பண்டையதா, யவனன் காலத்ததா என்று ஓரளவு சொல்ல முடிந்தது. ஆனால் அந்தத் துண்டு விவகாரம் மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. துண்டு கிரேக்கம் என்றால் சொல்லும் கிரேக்கம்தானே? டெலிபோனில் கிரேக்கம் தவிர வேறு என்ன இருக்கிறது? அதை எப்படிக் கிரேக்கம் இல்லை என்பது? ஐயா விளக்கியபோதெல்லாம் தலையாட்டினேன். (அந்தத் தலையாட்டலை இப்போது அவரே நம்பவில்லை.)

ஒரு சாயங்காலம் போன் வந்தது. தெரியாத நம்பர்.

"பண்டைய கிரேக்க போன்ல இருந்து பேசறேன்."

கவிதா. "அன்னைக்கு நீங்க அழுததப் பாத்து ரொம்ப கஷ்டமா..." என்று ஆரம்பித்தேன்.

"யாரு அழுதா? சிரிப்பு அடங்கல. அப்பா பக்கத்துல இருக்காரேன்னு மறைச்சேன். சரி, வேலை இன்னா ஆச்சு? எப்ப முடியும்?"

என் சிக்கலைச் சொன்னேன். துண்டு பழசு, சொல் புதுசு, எந்தக் காலம் போடுவது என்று நீளமாகப் புலம்பினேன். அவள் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"நான் இப்ப இன்னா சாப்டறேன் தெரியுமா? இட்லி உப்புமா. இட்லி எப்ப செஞ்சது?"

"நேத்து?"

"உப்புமா எப்ப செஞ்சது?"

"இன்னைக்கு."

"நேத்து யாராவது உப்புமா சாப்ட்டாங்களா?"

"இல்ல."

"அவ்ளோதான். இட்லிக்கு நேத்து தேதி போடுங்க. உப்புமாவுக்கு இன்னைக்குத் தேதி போட்டு, நேத்து இட்லியில செஞ்சதுன்னு எழுதுங்க. இதுக்கா இவ்ளோ நாளு?"

நான் போனோடு ஆபீஸ் ஜன்னலுக்குப் போனேன். கீழே ஸ்டூடியோவின் போர்டு தெரிந்தது. உப்புமா. மைக்ரோபோன், உப்புமா. டைனோசர், உப்புமா. அவள் தொழிலின் பெயரும் உப்புமா. எனக்குக் கிரேக்கம் புரிந்ததில் வந்த சந்தோஷமா, அவள் தானாகக் கூப்பிட்டதில் வந்த சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டாவதுதான் என்று இப்போது சொல்லலாம்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. 'பழைய துண்டு, பிற்கால ஆக்கம்' என்று ஐயா முறையாக ஒரு குறிப்பு வைத்தார். எங்களுக்குள் அதற்குப் பெயர் உப்புமாதான். அவரே மாடிப்படியில் நின்று, "குமரவேல், டெலஸ்கோப் உப்புமாவா பாத்தாச்சா?" என்று சத்தமாகக் கேட்பார். ஸ்டூடியோக்காரர் எங்களை மெஸ் நடத்துகிறவர்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

திருத்திய பக்கங்களை எடுத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் போனேன். சபாபதி மாமா கூடத்தில் நாற்காலி போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். பக்கங்களைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியாதபடி மறைத்துக்கொண்டார். குறுக்கு விசாரணை.

"தியேட்டரு?"

"பண்டைய கிரேக்கங்க."

"பாப்டிசம், ஞானஸ்நானம்?"

"பொதுக் கிரேக்கங்க. புதிய ஏற்பாட்டுக் காலம்."

"டெலிபோனு?"

எத்தனையோ நாளாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். "உப்புமாங்க," என்றேன்.

மாமா பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சமையலறையில் ஏதோ தட்டு கீழே விழுந்தது. கவிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, இட்லியில் ஆரம்பித்து முழுசாக விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். மடியிலிருந்த பக்கங்களை மறுபடி பார்த்தார். அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் காலம் இருந்தது.

"அன்னைக்கு மண்டபத்துல இப்டி சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே," என்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளைக்கு காபி குடுங்க," என்றார். அந்த ஒரு சொல்லுக்காக எல்லா அகராதியையும் மறுபடி திருத்தித் தர நான் தயாராக இருந்தேன்.

வேலை நிரந்தரமாவதற்கு முன்னாலேயே கல்யாணம் ஆகிவிட்டது. இப்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒவ்வொரு டப்பா மூடியிலும் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கும். ப., இ., ந. (பண்டையது, இடைக்காலம், நவீனம்) என்று என் மகள் எழுதுகிறாள். ப. என்று ஒட்டிய சாம்பாரை யாரும் தொட மாட்டார்கள், எனக்குத்தான் வரும். 'பழமைக்கு மரியாதை குடுக்கறவரு அவருதான்,' என்று கவிதா வைத்துவிட்டுப் போவாள்.

போன மாதம் ஒரு மத்தியானம் என் போன் அடித்தது. மாமனாரின் நம்பர். எடுத்தால் யாரோ ஒருவர் குரல்.

"சார், இந்தப் போனு கடலூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு பெஞ்சுல கெடந்தது. யாருதுன்னு தெரியல. கால் லிஸ்டுல மேலயே உங்க நம்பர்தான் இருந்தது, அதான் அடிச்சேன். ஆனா ஒண்ணு சார், பேரு 'பண்டைய கிரேக்கம்'னு போட்டிருக்கு. நீங்க யாரு?"

எனக்கே அது புதிய தகவல். இத்தனை வருடமாக மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், போனில் என்னை இப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறார். பக்கத்தில் கவிதா காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பண்டைய கிரேக்கந்தான் பேசறேன்," என்றேன். "அங்கேயே இருங்க, வந்து வாங்கிக்கறேன்."

போனைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மாமா கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, எத்தனை மணிக்கு என்று ஒரு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"அப்ப அன்னைக்கு நீங்க சொன்னது சரிதான் மாப்பிள்ளை," என்றார். "பண்டைய கிரேக்கத்துல போன் இருந்திருக்கு. அடிச்சா எடுக்கறாங்களே."